ஆர்ட்டீமியா: மீன் குஞ்சு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் தொட்டி வைத்து கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் வளர்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: குஞ்சு நன்றாகப் பொரிக்கிறது, பத்து நாளுக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் நோய் இல்லை, பசி. குஞ்சின் வாய்க்குள் நுழைகிற அளவில், அசைந்து அதன் கண்ணில் படுகிற தீனி கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட தீனியை வீட்டிலேயே ஒரு பாட்டிலில் பொரிக்க வைக்கலாம். அதுதான் ஆர்ட்டீமியா. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆர்ட்டீமியா என்றால் இறால் குஞ்சா?

இல்லை. கடையில் பிரைன் ஷ்ரிம்ப் என்று விற்றாலும், குழம்பு வைக்கிற இறாலுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம்தான். முழுதாக வளர்ந்தாலே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். 11 ஜோடி மெல்லிய கால்கள் இருக்கும். நீந்துவது, மூச்சு விடுவது, தீனியை வடிகட்டி வாய்க்குக் கொண்டு போவது எல்லாமே அந்தக் கால்களால்தான். மல்லாந்தபடியே நீந்தும்.

இது கடலில் வாழும் உயிரும் இல்லை. உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும், கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பான தண்ணீரில் வாழ்கிறது. காரணம் எளிது. இதற்கு முள் கிடையாது, கடினமான ஓடு கிடையாது, தப்பி ஓடும் வேகமும் கிடையாது. மீன் இருக்கிற தண்ணீரில் ஒரு நாள்கூடத் தாங்காது. அதனால் மீன் பிழைக்க முடியாத உப்பில் போய் வாழ்கிறது. நம் குஞ்சுகளுக்கு இது இவ்வளவு நல்ல தீனியாக இருப்பதற்கும் அதுவே காரணம்: மெல்லிய உடல், மெதுவான நீச்சல், உள்ளே நிறையச் சத்து.

கடலே இல்லாத நம் மாவட்டத்தில் இதை வளர்க்க முடியுமா?

தாராளமாக. கல் உப்பும் தண்ணீரும் போதும். உலகச் சந்தைக்குப் பெருமளவு ஆர்ட்டீமியா முட்டை வரும் அமெரிக்காவின் கிரேட் சால்ட் லேக்கூட கடற்கரையிலிருந்து வெகு தூரத்தில், நிலத்துக்கு நடுவே யூட்டா மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, ஏரியில் செம்பழுப்பு நிறத்தில் திட்டுத்திட்டாக மிதக்கும் முட்டைகளைப் படகில் போய் அள்ளுகிறார்கள். நம் பக்கத்தில் தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்ட்டீமியா உண்டு. அங்கே பழைய காலந்தொட்டு இருந்தது ஆணே இல்லாமல் பெண் மட்டுமே இனம் பெருக்கும் வகை. பிற்காலத்தில் அமெரிக்க வகையும் நம் உப்பளங்களுக்குள் வந்துவிட்டது.

காய்ந்த பொடிபோல இருக்கும் முட்டை எப்படி வருடக்கணக்கில் உயிரோடு இருக்கிறது?

தண்ணீர் நன்றாக இருக்கும்போது தாய் நேரடியாகக் குஞ்சு போடும். உப்பு ஏறிப்போனாலோ, மூச்சுக் காற்று குறைந்தாலோ, தடித்த ஓடுள்ள முட்டையாகப் போட்டுவிடும். உள்ளே கரு பாதி வளர்ந்த நிலையில் அப்படியே நின்றுவிடும். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை, காய்ந்துபோனாலும் அதன் செல்கள் சிதையாமல் காக்கிறது. ஈரம் படாமல் வைத்தால் பல வருடம் கழித்தும் பொரிக்கும். அப்பல்லோ 16, அப்பல்லோ 17 விண்கலங்களில் இந்த முட்டைகளை நிலவுப் பயணத்துக்கு எடுத்துப் போய், விண்வெளிக் கதிர்கள் என்ன செய்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தாங்கும் முட்டை, நம் வீட்டு அலமாரியில் மழைக்கால ஈரத்தில் கெட்டுப்போகும். எனவே காற்றுப் புகாத டப்பா கட்டாயம்.

முட்டையை எங்கே வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது?

நம் ஊர் மீன் கடைகளில் எல்லா நேரமும் கிடைக்காது. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரிலும், மற்றவர்கள் சென்னை கொளத்தூரிலிருந்தும் வாங்குகிறார்கள். ஆன்லைனிலும் கிடைக்கிறது.

முடிந்தவரை சீல் வைத்த டின் அல்லது பாக்கெட்டாக வாங்குங்கள். பெரிய டின்னைப் பிரித்துச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு விற்பது மலிவாக இருக்கும். ஆனால் அந்த டின் எத்தனை மாதம் திறந்து கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கவரை ஆட்டிப் பாருங்கள். மணல்போல உதிர்ந்து ஓடினால் நல்லது. கட்டி கட்டியாக இருந்தால் ஈரம் குடித்திருக்கிறது, வாங்க வேண்டாம். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கும் மேல் முட்டை இருக்கும். அதனால் வீட்டுக்கு 20 கிராம், 50 கிராமே நெடுநாள் வரும்.

வீட்டில் ஃபிரிட்ஜில் வைப்பதுதான் சிறந்தது. மீன் தீனி என்றதும் அம்மாக்கள் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க விடமாட்டார்கள். இறுக மூடும் சின்ன டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டி, தனி மூலையில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். காய்ந்த முட்டைக்கு வாடையே கிடையாது.

பொரிக்க வைப்பது எப்படி?

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, மூடி இறுக்கிய வாய் கீழே வரும்படி தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு. கண்ணளவு வேண்டாம், மளிகைக் கடைத் தராசிலோ சமையல் தராசிலோ ஒருமுறை எடை போட்டு, அந்த அளவுக்கு ஒரு கரண்டியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் தண்ணீர் லேசான காரத்தன்மைக்கு வரும். பிஹெச் 8-க்கு மேல் இருக்கும்போதுதான் ஓடு நன்றாக உடையும்.

ஏர் பம்ப் ட்யூபை அடிவரை விடுங்கள். ஏர் ஸ்டோன் வேண்டாம். அதிலிருந்து வரும் பொடிக் குமிழிகள் முட்டையைத் தூக்கி மேலே பாட்டில் சுவரில் ஒட்டிவிடும். அந்த முட்டை பொரிக்காது. வெறும் ட்யூபிலிருந்து பெரிய குமிழி வந்தால் போதும், முட்டை எங்கேயும் தேங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கால் தேக்கரண்டி முட்டை போடுங்கள். அதற்கு மேல் வீட்டுக்குத் தேவைப்படாது.

பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். முட்டை ஊறியதும் முதல் சில மணி நேரம் வெளிச்சம் பட்டால்தான் உள்ளே இருக்கும் கரு விழித்துக்கொள்ளும். 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் ஒரு நாளில் பொரிக்கத் தொடங்கும். பழுப்பாக இருந்த தண்ணீர் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆரஞ்சுப் புள்ளிகள் துள்ளித் துள்ளிப் போவது தெரியும்.

அயோடின் உப்பு போட்டால் செத்துவிடும் என்கிறார்களே?

சாகாது. அதில் இருக்கும் அயோடின் மிகக் குறைவு. கல் உப்பு மலிவு, வேறெதுவும் கலக்காதது, அதனால் அதைச் சொல்கிறேன். வீட்டில் தூள் உப்புதான் இருக்கிறது என்றால் அதையே போடுங்கள்.

எந்தத் தண்ணீர்? எங்கள் போர் தண்ணீர் ரொம்பக் கடினம்.

இந்த விஷயத்தில் அது நல்லதே. வாளியில் வெள்ளை படியும் நம் போர் தண்ணீர் ஆர்ட்டீமியாவுக்கு ஒத்துப்போகும். சமையல் சோடாகூடப் பல நேரம் தேவைப்படாது. என் வீட்டில் போர் தண்ணீரில்தான் வைக்கிறேன், பொரிப்பு நன்றாகவே வருகிறது.

நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் சமையல் சோடாவை மறக்காதீர்கள், அந்தத் தண்ணீரில் காரத்தன்மையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

கோடையில் ஒரே வெப்பம், மார்கழியில் குளிர். என்ன செய்வது?

தருமபுரி வெயிலில் மொட்டை மாடியில் வைக்கவே கூடாது. 30 டிகிரி தாண்டினால் பொரிப்பு குறையத் தொடங்கும். வீட்டுக்குள் தரையில், மண்பானை இருக்கிற குளிர்ந்த மூலை சரியான இடம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் டிசம்பர், ஜனவரியில் பாட்டில் ஜில்லிட்டுப்போய் இரண்டு நாள் ஆனாலும் பொரிக்காது. முட்டை கெட்டுவிட்டது என்று பலர் கீழே ஊற்றிவிடுகிறார்கள். பாட்டிலைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் பழைய குண்டு பல்பு ஒன்றை எரிய விடுங்கள். வெளிச்சமும் கிடைக்கும், சூடும் கிடைக்கும். பல்பு தெர்மாகோலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்.ஈ.டி. பல்பில் இந்தச் சூடு வராது.

கரண்ட் போனால் எல்லாம் போச்சா?

ஒரு மணி நேரம் போனால் பயமில்லை. அடிக்கடி, நீண்ட நேரம் போகிற ஊர் என்றால் பாட்டிலை விட்டுவிட்டுத் தட்டு முறைக்கு வாருங்கள். ஏர் பம்ப்பே வேண்டாம். அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு உப்புத் தண்ணீர். நடுவில் ஒரு தடுப்பு, தடுப்பின் அடியில் சின்ன இடைவெளி. ஒரு பக்கம் முட்டையை மெல்லியதாகத் தூவி, சில மணி நேரம் வெளிச்சம் பட்ட பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் அட்டையால் மூடுங்கள். பொரித்த குஞ்சு வெளிச்சத்தைத் தேடித் தடுப்புக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். ஓடு இந்தப் பக்கமே தங்கிவிடும். கொஞ்சமாக வேண்டியவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஓட்டையும் குஞ்சையும் எப்படிப் பிரிப்பது?

காற்றை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். காலி ஓடு மேலே மிதக்கும், பொரிக்காத முட்டை அடியில் தங்கும். பாட்டிலின் மேல்பாதியைத் துணியால் சுற்றி, கீழ்ப்பக்கம் டார்ச் அடியுங்கள். நாலைந்து நிமிடத்தில் வெளிச்சம் படுகிற இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாகத் திரண்டு வரும். மெல்லிய ட்யூபால் அந்த இடத்தை மட்டும் உறிஞ்சி எடுங்கள்.

வடிகட்ட டீ வடிகட்டி உதவாது, எல்லாம் கீழே போய்விடும். ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் வலைத்துணித் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். இல்லையென்றால் பழைய பருத்திக் கைக்குட்டை. நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுத் தொட்டியில் விடுங்கள். உப்புத் தண்ணீரோடு ஊற்றக் கூடாது. ஓடு நிறையக் கலந்துவிட்டால் சின்னக் குஞ்சுகள் விழுங்கி, செரிக்காமல் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். இந்த வேலையில் மட்டும் அவசரம் வேண்டாம்.

பொரித்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பொரித்து வெளியே வரும்போது ஆர்ட்டீமியா குஞ்சுக்கு வாயும் திறந்திருக்காது, ஆசனவாயும் திறந்திருக்காது. தாய் கொடுத்த மஞ்சள் கருவை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் நீந்துகிறது. அந்த ஆரஞ்சு நிறமே அந்தச் சத்துதான். எட்டு மணி நேரம் போல ஆனதும் தோல் உரித்து அடுத்த பருவத்துக்குப் போகும், அப்போதுதான் தின்னத் தொடங்கும். நாம் பாட்டிலில் எதுவும் போடுவதில்லை. எனவே ஒவ்வொரு மணி நேரமும் தன் சேமிப்பைத் தானே கரைத்துக்கொள்கிறது. ஒரு நாள் கடந்தால் அதன் சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். உருவமும் பெரிதாகி, வேகமும் கூடி, சின்ன வாய்க்குப் பிடிபடாமல் போகும். நிறமும் வெளிறிவிடும்.

ஆக, பொரித்த நாலைந்து மணி நேரத்துக்குள் கொடுங்கள். காலையில் எழுந்ததும் பொரித்திருக்க வேண்டும் என்றால் முந்தின நாள் காலையிலேயே முட்டை போட வேண்டும். மிஞ்சியதை அலசி, கொஞ்சம் உப்புத் தண்ணீரில் பரந்த டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிரில் அசைவு நின்று, சத்து கரைவதும் மிகவும் மெதுவாகும். மறுநாள் வரை தைரியமாகக் கொடுக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பாட்டிலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி மாற்றி வைத்தால் தினமும் புதிதாகக் கிடைக்கும்.

எந்த மீன் குஞ்சுக்கு எப்போது தொடங்குவது?

கப்பி, மோலி, பிளாட்டி குஞ்சுகள் பிறந்த அன்றே சாப்பிடும். ஏஞ்சல் குஞ்சு நீந்தத் தொடங்கியதும் கொடுக்கலாம். ஃபைட்டர் குஞ்சு முதல் சில நாள் மிகவும் சின்னதாக இருக்கும். அதற்கு வாழைத்தோலோ காய்ந்த இலையோ ஊறிய தண்ணீரில் வரும் நுண்ணுயிர்களைக் கொடுத்துவிட்டு, நான்கைந்து நாளில் ஆர்ட்டீமியாவுக்கு மாற்றுங்கள். குராமி குஞ்சுகளுக்கு இன்னும் சில நாள் கூடுதலாகப் பொறுக்க வேண்டும்.

சாப்பிட்டதா என்று தெரிந்துகொள்ளக் குஞ்சின் வயிற்றைப் பாருங்கள். உடல் கண்ணாடிபோல இருப்பதால் உள்ளே போனது அப்படியே தெரியும்: சின்ன ஆரஞ்சு உருண்டை ஒன்று வயிற்றில் பளிச்சென்று நிற்கும். எல்லாக் குஞ்சுக்கும் அது வந்துவிட்டால் போதும், நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், பிறகு செத்து அடியில் படிந்து தண்ணீரைக் கெடுக்கும். தொடர்ந்து அதிகமாகப் போட்டால் ஹைட்ரா என்ற, கொட்டும் இழைகளுள்ள சின்ன நீர் உயிர் பெருகும், அது குஞ்சுகளையே பிடிக்கும்.

பெரிய மீனுக்கும் இதையே கொடுக்கலாமா?

கொடுக்கலாம், விரும்பிச் சாப்பிடும். ஆனால் வளர்ந்த ஆர்ட்டீமியாவில் மஞ்சள் கரு கிடையாது. அது கடைசியாக என்ன தின்றதோ அதுதான் அதன் சத்து. கடையில் உறையவைத்துக் கட்டிகளாக விற்பதும் பெரும்பாலும் வளர்ந்ததுதான். வாரத்துக்கு ஓரிரு நாள் போதும், அன்றாடச் சாப்பாடாக வேண்டாம். உயிரோடு இருப்பதை மீனுக்குப் போடும் முன் சில மணி நேரம் ஸ்பைருலினா என்ற பாசிப் பொடி கலந்த தண்ணீரில் விட்டால், அந்தச் சத்து மீனுக்குப் போய்ச் சேரும்.

ஓடு நீக்கிய முட்டை என்று விற்கிறார்களே?

குளோரின் கரைசலில் மேலோட்டைக் கரைத்து எடுத்தது. பொரிக்க வைக்காமல் நேரடியாகப் போடலாம், ஓடு அடைக்கும் பயம் இல்லை. ஆனால் அது அசையாது. அசைவைப் பார்த்தே வாய் திறக்கும் ஃபைட்டர் குஞ்சு பல நேரம் அதைத் திரும்பிப் பார்க்காது. கப்பிக்கு நன்றாக உதவும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக இதுவே வசதி. ஓட்டை வீட்டில் நீங்களே நீக்குவது என்றால் பிளீச் கையாள வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பேன்.

சீ மங்கி என்பதும் இதுதானா? செல்லமாக வளர்க்கலாமா?

இதே குடும்பம்தான். அமெரிக்காவில் ஹரால்ட் வான் பிரவுன்ஹட் என்பவர் 1960 வாக்கில் பொட்டலமாக விற்கத் தொடங்கி, 1962-இல் சீ மங்கி என்று பெயர் வைத்தார். விளம்பரப் படத்தில் கிரீடம் வைத்த குட்டி மனிதர்களைப்போல வரைந்திருப்பார்கள். அதை எதிர்பார்த்து வாங்கும் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை. கால் தேக்கரண்டியில் பத்தில் ஒரு பங்கு முட்டை, ஒரு ஊறுகாய் ஜாடி, உப்பு, இவ்வளவுதான் தேவை.

வளர்ப்பதில் எனக்குப் பிடித்த விஷயம், எல்லாம் கண்ணெதிரே நடப்பது. பிறக்கும்போது ஒற்றைக் கண். வளர வளர இரண்டு பக்கமும் காம்பில் நீண்ட கண்கள் வரும். சூழல் நன்றாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் பெரிதாகிவிடும். ஆண் தன் பெரிய கொடுக்குபோன்ற உறுப்பால் பெண்ணைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் ஒன்றாக நீந்தும். பெண்ணின் வயிற்றுக்குக் கீழே முட்டைப் பை தெரியும். உடல் திடீரென்று சிவந்தால் அழகாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் மூச்சுக் காற்று குறைந்ததும் அது உடலில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது, அதனால் வரும் சிவப்பு.

என்ன தீனி போடுவது? எனக்கு இரண்டு நாளில் எல்லாம் செத்துவிட்டது.

தீனி கூடிப்போயிருக்கும். ஈஸ்ட் பொடியையோ ஸ்பைருலினாவையோ ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து சில சொட்டு மட்டும் விடுங்கள். ஜாடித் தண்ணீர் லேசாகக் கலங்க வேண்டும், அவ்வளவுதான். அது முழுதாகத் தெளிந்த பிறகுதான் அடுத்த தடவை. வாயகன்ற ஜாடி நல்லது, காற்று படும் பரப்பு அதிகம். வெயிலில் வைத்துப் பச்சை பிடித்த தண்ணீர் இருந்தால் எதையும்விட அது மேல், பாசியைத் தின்றே வளரும். தண்ணீர் ஆவியானால் உப்பு அங்கேயே தங்கும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், மறுபடி உப்பு போட வேண்டாம்.

நமக்கு ஏதாவது கெடுதல் உண்டா?

இறால் சாப்பிட்டால் அரிப்பு, தடிப்பு வருகிறவர்கள் காய்ந்த முட்டைத் தூளை முகத்துக்கு அருகே தூவ வேண்டாம். மற்றவர்களுக்குப் பயமில்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மிஞ்சும் உப்புத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

செடி, தென்னை, கிணற்றடி, வயல் எங்கேயும் வேண்டாம். நம் மண்ணில் ஏற்கெனவே போர் தண்ணீரால் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. சாக்கடையில் ஊற்றி, மேலே ஒரு வாளித் தண்ணீர் விடுங்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வைக்கலாமா?

நல்ல யோசனை, செலவும் குறைவு. ஒரே மாதிரி நான்கு டம்ளர் எடுத்து, ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றவற்றில் லிட்டருக்கு 15, 30, 80 கிராம் கணக்கில் உப்பு கரைத்து, ஒரே அளவு முட்டை தூவச் சொல்லுங்கள். கண்காட்சிக்கு 30 மணி நேரம் முன்னால் போட்டால் சரியாக இருக்கும். குளிர்மாதம் என்றால் இரண்டு நாள் முன்னால். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் தாள், பக்கவாட்டில் ஒரு டார்ச். பார்க்க வருகிறவர்களிடம் டார்ச்சைக் கொடுத்து இடம் மாற்றச் சொன்னால், குஞ்சுகள் கூட்டமாக அந்தப் பக்கம் திரும்புவதை அவர்களே பார்ப்பார்கள். ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துவிடுங்கள். முடிந்ததும் குஞ்சுகளை வடித்து, பள்ளித் தொட்டியிலோ வீட்டிலோ இருக்கும் மீனுக்குப் போட்டுவிடலாம்.